எங்கள் முதலாளி வள்ளல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில், செத்துப்போன எங்கள் முதலாளியைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வந்தது. முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வந்த சனமெல்லாம் அந்தத் தாளைக் கைமாற்றிக் கைமாற்றி வாசித்தார்கள். படம் நன்றாக வந்திருந்தது. கோயில் திருப்பணிக்குக் கொடுத்தது, பள்ளிக்கூடத்துக்கு மேசை கதிரை வாங்கிக் கொடுத்தது, வெள்ளத்துக்கு அரிசி கொடுத்தது எல்லாம் வரிசையாக இருந்தன. பொய் ஒன்றும் இல்லை. ஆனால் தலைப்பில் ‘கொடைவள்ளல்’ என்று போட்டிருந்தீர்கள். அதை அவர் பார்த்திருந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “இதென்ன பிள்ளை கூத்து?” என்று என்னிடம் கேட்டிருப்பார்.

1984 இலிருந்து 2015 வரை நான் அவருடைய அரிசி மில்லில் கணக்கு எழுதியவள். மட்டக்களப்பில், ஆரையம்பதியிலிருந்து மண்முனைத் துறைக்குப் போகிற பக்கம், வாவிக் காற்று நேரே அடிக்கிற இடத்தில் மில். காற்று எழும்பினால் தவிட்டுத் தூள் பேரேட்டில் வந்து படியும். பக்கத்தைத் தட்டிவிட்டுத்தான் எழுத வேண்டும். அவர் பெயரை இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவதில்லை. மில் முகப்பிலேயே தன் பெயரைப் போட விடாத மனிதர்.

அவர் கொடுத்த காசையெல்லாம் கணக்கில் எழுதியவள் நான்தான். அதனால் சொல்கிறேன், அது அவருடைய வேலையில் சின்னப் பங்கு. பெரிய பங்கு கூட்டம் போட்டதும், எண்ணியதும், எண்ணியதை எழுதி வைத்ததும். இது கட்டுரைக்கு ருசியான விஷயம் இல்லை என்று எனக்கும் தெரியும். கோபுரத்துக்குப் படம் எடுக்கலாம், கூட்டக் குறிப்புக்கு என்ன படம் எடுப்பது?

எண்ணுகிற பழக்கம் அவருக்கு வந்தது சூறாவளியில். 1978 கார்த்திகை 23 அன்று மில்லின் கூரைத் தகரம் முழுக்கப் பறந்துபோனது. உள்ளே இருந்த நெல் மழையில் ஊறி மூடைக்குள்ளேயே முளைவிட்டது. நட்டம் பதிய வந்த உத்தியோகத்தர் எத்தனை மூடை இருந்தது என்று கேட்டிருக்கிறார். முதலாளிக்கு மனதில் தெரியும், தாளில் ஒன்றும் இல்லை. அடுத்த ஊர்க் கடைக்காரர் ஒருவர் சிட்டைக் கொப்பியை நீட்டினார், அவருடைய நட்டம் உள்ளபடி பதிவானது. இவருடையது ‘சுமார்’ என்று பதிவாகி, அந்தச் சுமாருக்குத் தக்க காசுதான் வந்தது. அடுத்த கிழமையே ஒரு சீஆர் கொப்பி (கெட்டி அட்டைக் கொப்பி) வாங்கினாராம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அலுமாரியில் ஏழு கொப்பி இருந்தது.

இன்னொன்றும் அவர் அடிக்கடி சொல்வார். சின்ன வயதில் தகப்பனோடு லொறியில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு வாழைச்சேனைக் காகித ஆலைக்குப் போனவர். அந்த ஆலை வைக்கோலில் காகிதம் செய்த ஆலை. மாடு தின்கிற வைக்கோல் கடதாசியாக வெளியே வந்ததைக் கண்ட பிறகு, நெல்லை நெல்லாகவே விற்றுவிட்டுப் போகிறவனைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. 100 கிலோ நெல்லைக் குற்றினால் கூடக் குறைய 65 கிலோ அரிசி வரும். மிச்சம் உமி, தவிடு, குருணல். தவிடு மாட்டுக்கும் கோழிக்கும் போகும், உமி நெல் அவிக்கிற அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும் போகும். எங்கள் நெல்லும் அம்பாறை நெல்லும் அறுவடை நேரத்தில் லொறி லொறியாகப் பொலன்னறுவைப் பெரிய மில்களுக்குப் போய், பொதி கட்டிய அரிசியாக எங்கள் கடைகளுக்கே திரும்பி வருகிறது. “உமியையும் தவிட்டையும் சேர்த்தெலுவா பிள்ளை ஏத்தி அனுப்புறம்” என்பார். அதோடு வேலையும் போகிறது. வீட்டில் நெல் அவித்துக் காயவைத்துத் தருகிற பெண்கள் பதினாறு பேர் ஒரு காலத்தில் எங்கள் சிட்டையில் இருந்தார்கள். நான் ஓய்வு பெறும்போது மூன்று பேர்.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். 1990 இற்குப் பிறகு தமிழ் ஊரான ஆரையம்பதிக்கும் முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்கும் நடுவில் இருக்கிற எல்லை வீதி வாவியை விட அகலமாகிவிட்டது. இரண்டு பக்கமும் எத்தனை சாவு என்று உங்களுக்குத் தெரியும், அதை நான் இங்கே எழுதவில்லை. நெல் வியாபாரம் மட்டும் நிற்கவில்லை. வயிறு நிற்காதே. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் தரகரை வைத்து நடந்தது. விற்றவனுக்கும் நட்டம், வாங்கியவனுக்கும் நட்டம், தரகருக்கு வாழ்வு.

1994 இல் ஒரு போயா தினம் (பௌர்ணமி விடுமுறை). மில் பூட்டு. முதலாளி சைக்கிளை எடுத்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போனார். முன்பு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த ஒரு ஹாஜியாரின் கடைக்கு. போகும்போது கொப்பியோடு என்னையும் பஸ்ஸில் வரச் சொன்னார். எனக்குக் கால் நடுங்கியது. ஹாஜியார் எழுந்து நின்றார், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பிளேன்ரீ வந்தது. நான் என்னவோ பெரிய பேச்சு நடக்கப்போகிறது என்று பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறேன், முதலாளி கேட்டது இதுதான்: “நீங்க சாக்குக்கு எத்தின கிலோ கழிக்கிறீங்க?”

இது தெரியாத வாசகருக்காகச் சொல்கிறேன். நெல் மூடையை நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று வியாபாரி இரண்டு கிலோ, மூன்று கிலோ கழிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சணல் சாக்கு ஒரு கிலோ வரும் என்று வைத்துக்கொள்ளலாம். பொலித்தீன் சாக்கு அதில் கால்வாசியும் வராது. ஈரத்துக்குக் கழிப்பதில் நியாயம் இருக்கிறது. 17 சதவீத ஈரத்தில் இருக்கிற 100 கிலோ நெல் 14 இற்குக் காயும்போது மூன்றரைக் கிலோ தண்ணீர் போய்விடும். ஆனால் காய்ந்த நெல்லுக்கும் அதே மூன்று கிலோவைக் கழித்தால் அது களவு. கழிப்பார்கள் என்று தெரிந்த விவசாயி என்ன செய்வார்? பதரைத் தூற்றாமல் கொண்டுவருவார். அது தெரிந்து வியாபாரி இன்னும் அரைக் கிலோ கூட்டிக் கழிப்பார். இப்படியே போனால் அந்த மூடைக்குள் நெல் எவ்வளவு இருக்கிறது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

ஆகவே நெல் வாங்குகிறவர்கள், மில்காரர்கள், படுவான்கரையிலிருந்து (வாவியின் மேற்குக் கரை) நாலைந்து போடிமார் (பெரிய வயல்காரர்), வட்டவிதானைமார் (வயலுக்குத் தண்ணீர் பார்க்கிறவர்கள்) என்று சேர்ந்து போயாவுக்குப் போயா கூடத் தொடங்கினார்கள். ஒரு மாதம் காத்தான்குடி, ஒரு மாதம் ஆரையம்பதி. பிறகு ஏறாவூர், சம்மாந்துறைப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எடுத்த முடிவு மூன்றே மூன்று. சாக்கை நிறுத்துப் பார்த்து, உள்ள நிறையைத்தான் கழிப்பது. ஈரத்தை மெஷினில் பார்ப்பது. தராசின் முகம் விவசாயி பக்கம் திரும்பியிருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் பதினொரு கூட்டம் சென்றது. ஏழாவது கூட்டத்தில் ஒருவர் பிளேன்ரீக் கோப்பையை எறிந்தார். குறிப்பில் ‘காரசாரமான கருத்துப் பரிமாற்றம்’ என்று எழுதினேன்.

ஈரம் பார்க்கிற மெஷின் எங்கள் மில்லுக்கு வந்த நாள் நன்றாக ஞாபகம். அதற்கு முன் ஈரம் பார்த்தது பல்தான். நாலு மணியை வாயில் போட்டுக் கடிப்பது. ‘டக்’ என்று உடைந்தால் காய்ந்தது, பல்லில் அப்பினால் ஈரம். கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஒரு வயதானவர் பன்னிரண்டு மூடை கொண்டுவந்தார். மெஷின் 17 என்று காட்டியது. “மெஷினுக்குப் பல்லு இரிக்கா?” என்று அவர் கேட்க, மூடை தூக்குகிற நாட்டாமைமார் சிரித்துவிட்டார்கள். முதலாளி சிரிக்கவில்லை. உள்ளே போய்க் காய்ந்த நெல் ஒரு கை அள்ளிவந்து அதே மெஷினில் போட்டார். 13. “இப்ப ரெண்டையும் கடிச்சுப் பாருங்க அண்ணன்” என்று இரண்டு கையிலும் நெல்லை வைத்து நீட்டினார். பெரியவர் வலது பக்கம் கொஞ்சம், இடது பக்கம் கொஞ்சம் கடித்தார். கடைவாயில் பல் குறைவு, நேரம் எடுத்தது. பிறகு தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, “காயப்போடக் களம் இரிக்கா?” என்றார். எங்கள் சீமெந்துக் களத்தில் இரண்டு நாள் காயப்போட்டுவிட்டு மறுகா வந்து நிறுத்தார். கூலி வாங்கவில்லை. அதையும் நான் கணக்கில் எழுதினேன், ‘களம் இலவசம்’ என்று. உங்கள் கட்டுரைக்காரர் கேட்டிருந்தால் காட்டியிருப்பேன்.

2002 இல் யுத்தநிறுத்தம் வந்ததும் அவருக்குப் பாலம் என்ற பைத்தியம் பிடித்தது. மண்முனையில் அப்போது பாதை. (வெளியூர்க்காரருக்கு: பாதை என்றால் எங்களுக்கு வாவியில் ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றிப்போகிற மிதவை.) படுவான்கரை நெல் எல்லாம் அந்தப் பாதையில் ஏறித்தான் கிழக்கே எங்கள் எழுவான்கரைக்கு வரவேண்டும். காற்று எழும்பினால் பாதை ஓடாது. 2003 பெரும்போக அறுவடையில் பதினான்கு நாள், துறையில் ஒரு பெடியனைக் கொப்பியோடு இருத்தினார். எத்தனை மெஷின் (நெல் ஏற்றிவருகிற உழவு இயந்திரம்) வருகிறது, எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு ஏறியது. அந்தக் கொப்பி என்னிடம் இருக்கிறது. ஒரு வரி: ‘காலை 6.20 இற்கு வந்த மெஷின், நெல் 40 மூடை, பாதையில் ஏறியது 10.05. மழை தூறல். படங்கு இல்லை.’ படங்கு (மூடுகிற தார்ப்பாய்) இல்லை என்று எழுதச் சொல்லி யாரும் அந்தப் பெடியனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதைத் தூக்கிக்கொண்டு கோட்டைக்குள் இருந்த கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்) போனார். இது அரசாங்கத் தரவு இல்லை என்று ஒருவர் திருப்பிக் கொடுத்தார். அடுத்த கூட்டத்துக்கும் கொண்டுபோனார். அதற்கடுத்த கூட்டத்துக்கும் கொண்டுபோனார். 2014 இல் ஜப்பான் உதவியில் மண்முனைப் பாலம் திறந்தது. அவர் கேட்டுத்தான் பாலம் வந்தது என்று நான் எழுதினால் அவரே எழுந்துவந்து அடிப்பார். பலர் கேட்டார்கள், யுத்தமும் முடிந்தது, காசும் வந்தது. திறப்பு விழாவுக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை. அன்று பின்னேரம் சனம் குறைந்த பிறகு போய் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்து பார்த்துவிட்டு வந்து, “எட்டு நிமிசம்” என்றார். கொப்பியில் எழுதச் சொன்னார்.

தோற்ற கதையும் உண்டு, அதுதான் நிறைய. 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் தொண்டு நிறுவனங்கள் நிறைந்தன. எல்லோருக்கும் பொதுவாக ஒரு நெல் உலர்த்தியும் களஞ்சியமும் வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் எண்ணம். அறுவடை மெஷின் வந்த பிறகு நெல் ஈரத்தோடு ஒரே நாளில் வந்து குவிகிறது. காயப்போட இடமில்லாமல் தார் றோட்டில் பரப்புகிறார்கள். அல்லது ஈரத்தோடு வந்த விலைக்கு விற்கிறார்கள். உலர்த்தியும் களஞ்சியமும் இருக்கிறவர் இரண்டு மாதம் வைத்து விற்பார், இல்லாதவர் களத்திலேயே விற்பார். பொலன்னறுவை மில்களின் பலம் அந்த இரண்டும்தான். இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை.

ஒரு நிறுவனம் கட்டித் தர முன்வந்தது. எந்த ஊரில் கட்டுவது என்று மூன்று போயா சண்டை. ஒவ்வொருவருக்கும் தன் மில்லுக்குப் பக்கத்தில் வேண்டும். எங்கள் முதலாளிக்கும்தான், மறைக்க மாட்டேன். கடைசியில் யாருக்கும் வசதியில்லாத ஓரிடத்தில் கட்டிடம் எழும்பியது, முகப்பில் அழகான பெயர்ப்பலகை. மும்முனை மின்சாரம் கொடுக்க யாரும் பணம் ஒதுக்கவில்லை. உலர்த்தி வரவேயில்லை. சில வருஷத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனபோது உள்ளே ஆடு கட்டியிருந்தார்கள். ஆடுகள் நல்ல சௌகரியமாகத்தான் இருந்தன.

பிறகு அரசின் ‘கிழக்கின் உதயம்’ அபிவிருத்தித் திட்டக் காலம். யுத்தம் முடிந்து பாசிக்குடாவில் ஹோட்டல்கள் வந்தன. முதலீட்டாளர் கூட்டம் ஒன்றுக்கு இவரையும் கூப்பிட்டார்கள். வெள்ளைத் திரையில் கடல், கட்டில், நீச்சல் குளம் எல்லாம் காட்டினார்கள். கேள்வி இருக்கிறதா என்று கேட்டபோது இவர் எழுந்து, “அங்க என்ன அரிசி சமைக்கிறீங்க?” என்று கேட்டார். மண்டபத்தில் சிரிப்பு. ஆனால் தேநீர் நேரத்தில் ஒரு ஹோட்டல்காரர் வந்து நம்பர் வாங்கினார். கல் இல்லாத, ஒரே அளவான அரிசி, மாதா மாதம் தவறாமல். முதலாளி கல் நீக்குகிற மெஷின் வாங்கினார். நாலு மாதம் கொடுத்தோம். ஹோட்டல் காசு தருவது அறுபது நாள் கழித்து. நெல்லுக்கு விவசாயியிடம் அறுபது நாள் தவணை சொல்ல முடியுமா? வங்கியில் அந்த இடைவெளிக்குக் கடன் கேட்டோம். காணி உறுதி கேட்டார்கள். அதே வருஷத்தில், காணி உறுதி இல்லாமல் வீட்டு வாசலில் வைத்துப் பெண்களுக்குக் கடன் கொடுக்கப் பத்துக் கம்பனி மோட்டார்சைக்கிளில் திரிந்தது. ஐந்தாம் மாதம் ஹோட்டலுக்கு அரிசி நின்றது. அரிசி நல்லதுதான், ஹோட்டலும் காசை ஒழுங்காகத் தந்தது. நடுவில் அறுபது நாளைத் தாங்க எங்கள் மாவட்டத்தில் ஆள் இல்லை. இதை அவர் கொப்பியில் தன் கையாலேயே எழுதியிருக்கிறார், கணக்கோடு.

அவரிடம் எனக்கும் ஒரு குறை உண்டு, செத்தவர் என்பதற்காக விடமாட்டேன். 1994 இலிருந்து கூட்டக் குறிப்பு எழுதியவள் நான். வருகை தந்தோர் பட்டியல் எழுதியதும் நான். அதில் என் பெயர் இல்லை. பதினைந்து வருஷம் இல்லை. பிளேன்ரீ ஊற்றிய பெடியனின் பெயர்கூட ஒரு தடவை ‘உதவி’ என்று வந்திருக்கிறது. 2009 இல் ஒரு கூட்டத்தில் கடைசி வரியில் என் பெயரையும் எழுதிவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டினேன். வாசித்தார். அந்த வரியில் கொஞ்சம் நின்றார். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். அடுத்த கூட்டத்திலிருந்து எனக்கும் ஒரு கதிரை மேசையோடு போடப்பட்டது. ஆனால் தனக்குப் பிறகு யார் என்பதை அவர் ஒருநாளும் யோசிக்கவில்லை. இளம் ஆட்கள் யாரையும் இழுத்து வைக்கவில்லை. 2017 இல் நடந்த கடைசிக் கூட்டத்துக்கு வந்தது நாலு பேர், அதில் இரண்டு பேருக்கு எழுபதைத் தாண்டிய வயது. அவருக்கு முடியாமல் போனதும் போயா வெறும் போயா ஆகிவிட்டது.

இப்போது மறுபடி பெரும்போகம். இன்னும் இரண்டு கிழமையில் வட்டைகளில் (வயல்வெளிகளில்) அறுவடை மெஷின் இறங்கும். 2025 மாசியில் அரசு நாட்டு நெல்லுக்குக் கிலோ 120, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132 ரூபாய் என்று விலை சொன்னபோது உங்கள் முதல் பக்கத்திலும் பெரிதாக வந்தது. நல்லது. ஆனால் மூடைக்கு எத்தனை கிலோ கழித்தார்கள் என்று உங்கள் நிருபர் ஒருவரும் தராசடியில் நின்று பார்க்கவில்லை. போன சிறுபோகத்தில் என் தம்பி மகன் விற்ற நெல்லுக்கு மூடைக்கு மூன்று கிலோ போனது. நெல் காய்ந்த நெல். சாக்கு பொலித்தீன் சாக்கு. தராசின் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டேன். அவன் கவனிக்கவில்லையாம்.

முதலாளியின் கொப்பிகள் இருபத்துமூன்றும் என்னிடம் இருக்கின்றன. மகன்மார் கொழும்பில், வேண்டாம் என்றுவிட்டார்கள். மூன்றாவது கொப்பியைக் கறையான் அரித்துவிட்டது, மற்றவை வாசிக்கலாம். நெல் வாங்குகிறவர்கள், மில்காரர்கள், விவசாய சங்கத்து ஆட்கள், பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் யார் விரும்பினாலும் வரும் போயாவன்று என் வீட்டு விறாந்தையில் இருந்து பார்த்து எழுதிக்கொண்டு போகலாம். ஆரையம்பதியில் மில் கணக்கம்மா வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். கொப்பியை வெளியே கொடுக்கமாட்டேன். பிளேன்ரீ தருவேன். பக்கங்களில் இன்னும் தவிடு இருக்கிறது, தட்டிவிட்டு வாசிக்கவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் கணக்குப்பிள்ளை,
ஆரையம்பதி